சர்க்கரை உரசும் சத்தம்

தெஹ்ரான், மெஹர் 14

அன்புள்ள பெஹ்ஜத் அக்காவுக்கு, மூனிஸ் எழுதுவது.

இங்கே நான் நலம். முழங்கால் வலி வழக்கம்போல. அத்தானின் ரத்தக் கொதிப்பு இறங்கியதா? உன் செல்ல மகள் மஹ்னூஷ் எப்படி இருக்கிறாள்? நீ அனுப்பிய கொத்தாப் டப்பா வந்து சேர்ந்தது. யஸ்த் ஊர்ப் பாதாம் பூரணத்தின் ருசி இங்கே எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அக்கம்பக்கம் யாருக்கும் கொடுக்காமல் நானே தின்று தீர்த்தேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நாம் பாதி நேரம் 'நலமா, நலமா' என்கிறோம், மீதி நேரம் 'வைக்கட்டுமா, வைக்கட்டுமா' என்கிறோம். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

விஷயம் இதுதான். மேல்வீட்டில் சர்வின் என்று ஒரு கல்லூரிப் பெண் குடிவந்தாள். வந்த நாளிலிருந்து சாயங்காலமானால் கூரையிலிருந்து ஒரு சத்தம். துவைக்கும் மெஷினில் செருப்பைப் போட்டு ஓட்டுகிற மாதிரி. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சண்டை போடப் போனேன். வெறுங்கையோடு போய்ச் சண்டை போட நம் அம்மா வளர்க்கவில்லையே, ஒரு கிண்ணம் ஆஷ் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன்.

"மெஷின் ரிப்பேரா கண்ணு?" என்றேன்.

"மெஷின் இல்ல ஆன்ட்டி, மியூசிக்."

"எது?"

"இப்ப கேக்குதே, இதுதான்."

உட்கார்ந்தேன். கஞ்சி ஆறிப்போயிற்று. அக்கா, அதில் பாட்டு இல்லை, ராகம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு ரீங்காரம். அதற்கு அடியில் யாரோ அரிசி சலிப்பதுபோல் ஒன்று. நினைக்காத இடத்தில் ஒரு அடி விழும். சரி, இனி இப்படித்தான் விழும் என்று காத்திருந்தால் விழாது. என் கால் பழக்க தோஷத்தில் கல்யாண ஆட்டத்து ஆறெட்டுத் தாளத்தைத் தேடித் தேடிப் பார்த்துக் கடைசியில் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் காது கேட்க ஆரம்பித்தது.

இருபது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் பெண்கள் பக்கத்துக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். என் வாசிப்புக்கு அசையாத இடுப்பு இந்த ஊரில் இல்லை. ஆனால் ஒருத்தியாவது நான் வாசித்ததைக் கேட்டிருப்பாளா? அவர்களுக்கு ஆடவே நேரம் சரியாக இருந்தது. எழுந்து ஆட முடியாத ஒன்றை, உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டிய ஒன்றை நான் செய்ய வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறியே வந்துவிட்டது. மூன்று வாரமாகத் தினமும் மேலே போகிறேன்.

உன் சமையலறை டேப்ரெக்கார்டருக்காகக் கேசட்டில் பதிந்து இதோடு அனுப்புகிறேன். ஒரு பக்கம் சர்வினுடையது. மறுபக்கம் நான் கைவைத்துப் பார்த்தது. அத்தானுக்கு என் வணக்கம். மஹ்னூஷுக்கு முத்தம்.

உன் மூனிஸ்

*

யஸ்த், மெஹர் 27

என் கண்ணான மூனிஸுக்கு, அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அவர் கொதிப்பு இறங்கியிருந்தது, உன் கேசட் வந்து மறுபடி ஏற்றிவிட்டது. நான் அதைப் போட்டதும் மனிதர் சாப்பாட்டை விட்டு எழுந்து மொட்டைமாடிக்கு ஓடினார். "தண்ணி மோட்டார் போச்சுடி!" என்று மேலேயிருந்து கத்தல். "மோட்டார் இல்லங்க, உங்க மச்சினி," என்றேன். இறங்கி வந்தவர் ஆறிப்போன சோற்றைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லு, உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஐம்பது வயதில் தனியாக இருக்கிறவளுக்குப் புத்தி இப்படி எங்கேயாவது போகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். விவாகரத்து ஆனதும் இங்கே வந்துவிடு என்றேன், கேட்டாயா?

போகட்டும், நல்ல செய்தி. மஹ்னூஷுக்கு நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை ஃபர்ஷாத், கெர்மானில் பல் டாக்டர். முஹர்ரமும் ஸஃபரும் கழிந்து பஹ்மன் மாதத்தில் கல்யாணம். பெண்கள் மண்டபத்துக்கு நீதான் வாசிக்கிறாய், அதைக் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளையின் அத்தைகள் ஆட்டத்தில் புலிகளாம். விடக் கூடாது. உன் புது இசை அவ்வளவு ஒசத்தி என்றால் அதையும் கொண்டு வா, எங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
பெஹ்ஜத்

*

தெஹ்ரான், ஆபான் 10

அன்புள்ள அக்கா,

மஹ்னூஷ் செய்தி படித்து அழுதே விட்டேன். நன்றாக இருக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால்கூடத் தேவலை, மாடிப்படி ஏறி ஏறிப் பழகிவிட்டது போல.

இன்னும் சில நாளில் முஹர்ரம் பிறக்கிறது. துக்க மாதம் இரண்டும் எனக்கு வேலையில்லாத மாதம் என்று உனக்குத் தெரியும். மற்ற வருஷங்களில் ஊறுகாய் போடுவேன். இந்த வருஷம் பஹாரெஸ்தான் இசைக்கடைத் தெருவுக்குப் போய்க் கீபோர்டைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக ஒரு பெட்டி வாங்கினேன். அதில் கட்டைகளே கிடையாது, திருகுகளும் ஒயர்களும்தான். கடைக்காரன், "யாருக்கும்மா, பையனுக்கா?" என்றான். "எனக்குத்தான். ஒழுங்கா சுத்திக் குடு," என்றேன்.

மண்டபத்து இஷ்ரத் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், ஸஃபர் முடிந்தாலும் இனி வரமாட்டேன் என்று. "கிறுக்கா உனக்கு? நீ வந்தா சுவர்கூட ஆடும்டி," என்றாள். அதனால்தான் வரவில்லை என்றேன்.

நீ கேட்டபடி என் இசையைக் கல்யாணத்துக்குக் கொண்டு வருகிறேன் அக்கா. மஹ்னூஷுக்கென்றே புதிதாய் ஒன்று செய்யப் போகிறேன். கேட்டதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உன் கை வலிக்காமல் இருக்கட்டும்.

மூனிஸ்

*

யஸ்த், ஆபான் 23

மூனிஸுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சுகமில்லாதவர்களுக்கு இவ்வளவு துணிச்சல் வராது.

உபசாரத்துக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கீபோர்டையே கொடுத்துவிட்டு வந்து நிற்பாளா? டாக்சிக்காரன், "காசு எதுக்குங்க, நீங்க ஏறினதே பெருமை" என்கிறான். சரி என்று இறங்கிப் போய்விடுகிறாயா? ஒருதரம் சொன்னால் மரியாதை, இரண்டாம் தரம் சொன்னால் கூடுதல் மரியாதை, மூன்றாம் தரமும் சொன்னால்தான் மனசு. இந்தக் கணக்கு பால்குடிக் குழந்தைக்குத் தெரியும். தெஹ்ரானில் மறந்துபோச்சா?

கெர்மான் அத்தைகள் ஏழு மடிப்புப் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக வந்து உட்கார்ந்திருக்க, நீ அவர்களுக்கு மோட்டார் ஓட்டிக் காட்டுவாய். பெண் வீட்டில் பைத்தியம் இருக்கிறது என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள். அது மஹ்னூஷ் தலையில்தான் விடியும். முடிவாகச் சொல்கிறேன். கீபோர்டு எங்கேயாவது இரவல் வாங்கு. ஆறெட்டு வாசி. இல்லாவிட்டால் வாசிக்கவே வராதே.

ஒன்று கேட்க மறந்தேன். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், அந்த அரிசி சலிக்கிற சத்தம் அடங்கியதும், யாரோ கதவைத் திறந்துவிட்டு உள்ளே வராமலே நிற்பதுபோல் ஒன்று வருகிறதே, அது என்ன? இவர் கேட்கிறார்.

பெஹ்ஜத்

*

தெஹ்ரான், ஆஸர் 8

அன்புள்ள அக்கா,

நலம். உன் கோபமும் நலமாக இருப்பது தெரிந்தது.

உபசாரம் என்று எனக்குத் தெரியாதா? படித்த உடனே தெரிந்தது. தெரிந்தும் உண்மையாக எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் பேச்சுக்குக்கூட என்னைக் கேட்கவில்லையே.

மஹ்னூஷுக்கு ஒரு தலைகுனிவு வர நான் விடமாட்டேன். ஆனால் ஆறெட்டும் வாசிக்க மாட்டேன். என் இசையோடு வரவா, இல்லை வெறும் விருந்தாளியாய் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகவா, நீயே சொல். இரண்டில் ஒன்றுதான், மூன்றாவதாக ஒன்று என்னிடம் இல்லை. இதற்காக நீ என்னோடு பேசாமல் போனால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும், இருந்தாலும் மாட்டேன்.

ஸஃபர் முடிந்ததும் இங்கே ஒரு சின்ன அரங்கில் சர்வினும் நானும் வாசிக்கப் போகிறோம். அனுமதி வாங்க அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அங்கே இருந்த பெரியவர் நல்ல மனிதர், டீ கொடுத்தார்.

"பாட்டு உண்டா?"

"இல்லைங்க."

"சனங்க எழுந்து ஆடுவாங்களா?"

"முயற்சி பண்ணினாக்கூட முடியாதுங்க."

கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார். முத்திரை குத்தும்போது, "என் சம்சாரத்துக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமா? அவளை எங்க கூட்டிட்டுப் போனாலும் இரைச்சல்னுதான் சொல்லுவா," என்றார்.

அந்தக் கதவுச் சத்தம் எங்கள் கட்டிடத்து லிஃப்ட். இரண்டாம் பக்கம் முழுக்க நான் செய்தது. அத்தானுக்குப் பிடித்ததென்று கேட்டு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

மூனிஸ்

*

தெஹ்ரான், தெய் 25

அன்புள்ள அக்கா,

நலமா? ஆஸர் போய், தெய்யும் போகப் போகிறது, உன் கடிதம் இல்லை. போன் செய்தால் மஹ்னூஷ் எடுக்கிறாள். "அம்மா கை வேலையா இருக்காங்க சித்தி" என்கிறாள். உன் கை எப்போதுதான் ஓயும்?

அரங்கில் வாசித்தோம். முப்பது நாற்காலி, பாதிக்கு ஆள் வந்தார்கள். ஒருவர் நடுவில் எழுந்து போனார், கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனது அழகாக இருந்தது. பெரியவரின் சம்சாரம் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். வாசித்து முடித்ததும் கைதட்டலுக்கு முன்னால் ஒரு அமைதி வந்தது பார், இருபது வருஷத்தில் எந்த மண்டபமும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் என் கைப்பையை வைத்திருந்தேன், யாரும் உட்காராமல் இருக்க. எதற்கென்று கேட்காதே.

இரண்டாவது கேசட் அனுப்புகிறேன். உனக்கு வேண்டாமென்றால் அத்தானிடம் கொடு.

மூனிஸ்

*

யஸ்த், பஹ்மன் 3

அன்புள்ள மூனிஸுக்கு,

இங்கே உடம்புகள் சுகம், மனசு சரியில்லை. மாப்பிள்ளையின் அம்மா தூபாவுடைய அப்பா காலமாகிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கண் மூடும்போதே சொல்லிவிட்டாராம், ஆகவே நாள் மாறவில்லை. ஆனால் நாற்பதாம் நாள் ஆகாத துக்க வீட்டில் ஆட்டமும் மேளமும் கூடாது. சாப்பாடு மட்டும். இருநூறு பெண்கள் புது உடுப்பில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள், பல் பிடுங்கக் காத்திருப்பதுபோல். மாப்பிள்ளை தொழிலுக்குப் பொருத்தம்தான்.

ஆக நம் சண்டை தானாகத் தீர்ந்தது. நீ விருந்தாளியாய் வா. மண்டபமே சத்தமில்லாமல் இருக்கும்போது உனக்கும் எனக்கும் என்ன தகராறு?

அந்தப் பெட்டியையும் வேண்டுமானால் எடுத்து வா. என்ன பெரிய கனம். உடனே பிடித்துக்கொள்ளாதே, இதுவும் உபசாரம்தான்.

முதல் கேசட்டின் நாடா அறுந்துவிட்டது. இவர் ஓயாமல் திருப்பித் திருப்பிப் போட்டதில் தேய்ந்திருக்கும். இரண்டாவது ரொம்பச் சின்னதாக இருக்கிறதென்று குறைப்படுகிறார்.

பெஹ்ஜத்

*

தெஹ்ரான், பஹ்மன் 9

அன்புள்ள அக்கா,

தூபா அம்மாவுக்கு என் அனுதாபத்தைச் சொல். அப்பா போன வீட்டில் கல்யாணச் சிரிப்பும் சிரித்தாக வேண்டும், பாவம்.

பதினாறாம் தேதி ரயிலில் வருகிறேன். இரண்டு தரம் கேட்டிருக்கிறாய். எண்ணத் தெரியாதவள் என்று திட்டினாயே, இப்போது எண்ணுகிறேன். பெட்டி உங்கள் வண்டியின் பின்னால் கிடக்கட்டும். நீ மூன்றாம் தரம் கேட்காமல் அதைத் தொட மாட்டேன்.

சர்க்கரை உரசப் போவது யார்? மணமக்கள் தலைக்கு மேல் பிடித்த வெள்ளைத் துணியில் சர்க்கரைக் கூம்பு இரண்டை உரசுவது கணவனோடு வாழ்கிற பெண்களின் வேலை, என்னை அழைக்க மாட்டார்கள், தெரியும். நீதான் உரச வேண்டும். மெதுவாக உரசு. நான் பக்கத்தில் நிற்பேன், கோட்டுப் பையில் சின்ன ரெக்கார்டர் இருக்கும். அது யாருக்கும் தீட்டில்லை.

மூனிஸ்

*

யஸ்த், இஸ்ஃபந்த் 2

மூனிஸ்,

நலமா, சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. அத்தான் விசாரித்தார், மஹ்னூஷ் விசாரித்தாள் என்றும் எழுதப் போவதில்லை.

மறுநாள் காலை ரயிலுக்கு ஓடிவிட்டாய். வாசித்த நேரம் முழுக்கத் தலையைக் குனிந்து அந்தத் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் நீ பார்க்காததை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாடு முடிந்ததும் மண்டபம் எப்படி இருந்ததென்று உனக்கே தெரியும். டீ கரண்டிச் சத்தம், நகைச் சத்தம். மஹ்னூஷ் மணவறையில் தனியாக, அவ்வளவு வெள்ளையில் அவ்வளவு சின்னவளாக. தூபா அம்மா கறுப்புக்கு மேல் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு எல்லோரையும், "சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களா" என்று கேட்டபடி சுற்றினார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் உன்னிடம் வந்தேன்.

"போய் எடுத்துட்டு வா" என்றேன்.

"உபசாரமா?" என்றாயே, அந்த நேரத்தில்!

"உதைப்பேன். போடி."

நீ ஆரம்பித்தாய். முதலில் யாருக்கும் ஆரம்பித்ததே தெரியவில்லை. ஒருத்தி ஏசியை அணைக்கச் சொன்னாள். நெக்லஸ் போட்ட கெர்மான் அத்தை என் காதில், "இது எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றாள். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவள் தங்கையே, "ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு, சும்மா இரு," என்று அடக்கினாள். அப்புறம் அந்தச் சரக் சரக் வந்தது. மெதுவாக, மண்டபம் அகலத்துக்கு. ஒவ்வொருத்தியாகக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பின்வரிசையில் யாரோ, "ஐயோ, நம்ம சர்க்கரைடி!" என்றாள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் வலது கை ஒரு இழுப்பு இழுத்து, மணிக்கட்டு வலியில் கொஞ்சம் நின்று, மறுபடி இழுக்கும். அது சர்க்கரை உரசிய என் கை. என் கை என் தலைக்கு மேல் அவ்வளவு பெரிதாக நடந்துபோனதை நான் உட்கார்ந்து கேட்டேன்.

யாரும் ஆடவில்லை. ஆட முடியாது. துக்க வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் தூபா அம்மா சுற்றுவதை நிறுத்தினார். மஹ்னூஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், அவள் கையைப் பிடித்துக்கொண்டார், அழுதார். ஒருத்தியும் சமாதானம் சொல்லப் போகவில்லை. முடிந்ததும் என்னிடம் வந்து, "ரெண்டு வாரமா ஆளாளுக்கு அழுங்குறாங்க, அழாதீங்குறாங்க. இது ஒண்ணும் சொல்லல. உங்க தங்கச்சி கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது," என்றார். அதை உன்னிடம் சொல்ல ஓடிவந்தேன், நீ ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாய், பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

இன்னொன்று. உன் அத்தான் ஜலீல் எதுவும் கேட்கவில்லை. மோட்டார் பார்க்க மாடிக்கு ஓடிய நாளோடு அவருக்கும் உன் கேசட்டுக்கும் தொடர்பு முடிந்தது. கதவுச் சத்தத்தைப் பற்றிக் கேட்டது நான். நாடாவைத் தேய்த்ததும் நான். உன்னைத் திட்டி எழுதச் சரியான வார்த்தை வேண்டுமே என்றுதான் இரண்டாம் தரம் போட்டேன். மூன்றாம் தரம் போட்டபோது திட்டு வரவில்லை. மத்தியானம் வீடு தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன். முப்பது வருஷமாக அந்தச் சமையலறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லாத நேரம் அது ஒன்றுதான். உனக்குப் பதில் எழுதாத அந்த மாதங்களில், எழுதினால் இதை ஒப்புக்கொண்டுவிடுவேன் என்று பயந்தேன். உன் கைப்பை உட்கார்ந்திருந்த நாற்காலி யாருக்கென்று எனக்குத் தெரியும்.

மண்டபத்தில் வாசித்ததை அப்படியே கேசட்டில் பதிந்து அனுப்பு. இரண்டு பக்கமும் நிறைய. ஒரே ஒரு தரம்தான் கேட்கிறேன். மற்ற இரண்டுக்குக் காத்திருக்காதே.

பெஹ்ஜத்